கோழியின் தீனிப்பைக் கோளாறும் அதன் பரிகாரமும்

நாவலப்பிட்டியிலும் அதனைச் சூழ்ந்த பஸ்பாகே கோறளைக் கிராமங்களிலும் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் குடும்பங்கள் பல, வீட்டுப் புறத்தே நாலைந்து கோழிகளையேனும் வைத்திருக்கின்றன. இவை வியாபாரத்துக்கென வளர்க்கப்படுவன அல்ல. களத்திற் சிந்திய நெல்லையும் அடுக்களைக் கழிவையும் பொறுக்கித் தின்று குடும்பத்துக்கு முட்டை தருவன. அவற்றுள் ஒன்றிரண்டு, பிள்ளைகள் பெயரிட்டு அழைத்தால் ஓடி வருவனவாயும் இருக்கும். அத்தகைய பேடு ஒன்று ஒருநாள் தீன் எடுக்காது, சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி ஒரு மூலையில் நிற்குமாயின் வீட்டார் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர். நோய் முற்றுமுன் அறுத்துக் கறியாக்குவது ஒன்று. இரக்கத்தினால் அதற்கு அரிசியும் மஞ்சளும் ஊட்டி, ஏனைய கோழிகளோடு ஒரே சட்டியில் நீர் குடிக்க விடுவது மற்றொன்று. இவ்விரண்டும் தவறாகும்.

முதலில் அறியவேண்டியது, இக்கோளாறு அந்த ஒரு கோழியோடு முடிவதா, அல்லது கூட்டிலுள்ள எல்லாக் கோழிகளையும் அயல்வீட்டுக் கோழிகளையும் கொல்லவல்ல தொற்றுநோயின் தொடக்கமா என்பதாகும். முன்னையதாயின் வீட்டிலேயே பராமரித்துக் குணப்படுத்துதல் பலவேளைகளிற் கைகூடும். பின்னையதாயின் ஒரு பகற்பொழுது தாமதிப்பதும் பெருநட்டம். இதனை ஓரளவுக்கேனும் பிரித்தறிவதற்குக் கமக்காரருக்கு வேண்டுவன விரல்களும் கண்ணும் ஒரு பழைய கடதாசித் தாளுமேயாம்.

தீனிப்பையின் தொழில்

கோழிக்குப் பல் இல்லை. அது கொத்தி விழுங்கிய தீன் நேரே வயிற்றுக்குட் செல்வதில்லை. கழுத்து மார்போடு சேருமிடத்தில், சற்றே கோழியின் வலப்புறமாக, தோலின் கீழ் ஒரு பை உண்டு. இதனைத் தீனிப்பை என்போம். இரைப்பை என வழங்குவோரும் உளர். விழுங்கிய தீன் இங்குத் தங்கி நனைந்து மெதுவாகும். பின்னர் சமிபாட்டு நீர் சுரக்கும் சிறிய வயிற்றின் ஊடாக அரைவைப்பையை அடையும். கறிக்கு அறுக்கும்போது பிளந்து, உட்தோலை உரித்து, மணலைக் கழுவி எடுக்கும் தடித்த தசையுறுப்பே அரைவைப்பை. அந்த மணலை அழுக்கென்று எண்ணற்க. அதுவே கோழியின் பல். கோழி விழுங்கிய பருமணலும் சிறுகற்களும் அங்கு நின்று நெல்லையும் புல்லையும் அரைக்கின்றன. எந்நேரமும் கூட்டில் அடைபட்டிருக்கும் கோழிக்கு மணல் கிடையாவிடின் அரைவை தடைப்படும். அரைவை தடைப்பட்டால் தீனிப்பையிலிருந்து தீன் இறங்க வழியில்லை. இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். முட்டை ஓட்டுக்காக வைக்கும் சிப்பித்தூள் இம்மணலுக்கு ஈடாகாது. அது வயிற்றிற் கரைந்துவிடும். ஆற்றுப் பருமணலைக் கழுவி, பயறு பருமனுள்ளதாக அரித்து, ஒரு சிரட்டையில் தனியே வைத்தல் வேண்டும்.

விடியற்காலையிற் தொட்டுப் பார்த்தல்

மாலையிற் கூடு அடையும் கோழியின் தீனிப்பை நிறைந்திருப்பது இயல்பு. இரவு முழுவதும் அது சிறிது சிறிதாக இறங்கி, விடியும்போது வெறுமையாகித் தட்டையாக இருத்தல் வேண்டும். ஆதலால் பகலில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து அச்சங்கொள்வதில் பயனில்லை. ஐயத்துக்குரிய கோழியை மாலையில் வேறாக்கி, கீழே கடதாசி விரித்து, கரப்பினால் மூடி, நீர் மட்டும் வைத்து, தீனை முற்றாக நீக்கிவிடுக. மறுநாள் காலையில் எதையும் கொடுக்குமுன் அப்பையை விரல்களால் மெல்லத் தடவிப் பார்க்க. நலமுள்ள கோழி ஒன்றையும் உடன் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு நன்கு விளங்கும். அதே வேளையில் மார்பெலும்பையும் தடவுக. அவ்வெலும்பு கத்தி முனைபோலத் துருத்தி, இருபக்கத் தசையும் வற்றியிருப்பின், நோய் நேற்றுத் தொடங்கியதன்று; கோழி பல நாட்களாகவே மெலிந்து வந்திருக்கின்றது. கோழியைக் கைத்தராசில் நிறுத்து எழுதி வைத்தலும் நன்று. இறகு மூடியிருப்பதனாற் கோழியின் மெலிவு கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

காலையில் பை தட்டையாயின் கோளாறு வேறிடத்திலுள்ளது. எச்சத்தைப் பார்த்தல் வேண்டும். பை நிறைந்திருப்பின் அது இரு வகைப்படும்.

இறுகிய பை

பிசைந்த மாவுருண்டை போலவோ, அதனினும் கடினமாகவோ பை இறுகியிருப்பின் உள்ளே தீன் அடைபட்டுள்ளது என்று கொள்க. நீண்ட முற்றிய புல், வைக்கோல், தேங்காய்த் தும்பு, இறகு, சாக்கு நூல் என்பன ஒன்றோடொன்று சுற்றிப் பந்தாகித் துவாரத்தை அடைக்கின்றன. மரக்கறித் தோட்டக்காரர் கவனிக்கவேண்டியது, போஞ்சிக்கும் பாகலுக்கும் பந்தல் கட்டிய நைலோன் நூற்றுண்டுகளாகும். பருவம் முடிந்து கொடியை அறுத்து எறியும்போது அந்நூலும் மண்ணோடு கிடந்துவிடுகின்றது. புழுவென எண்ணிக் கோழி அதனை விழுங்குகின்றது. வைக்கோலாவது நனைந்து இளகும். நைலோன் ஒருபோதும் இளகாது. நெடுநேரம் பட்டினியாயிருந்த கோழியை நெற்குவியலில் விடுவதும், நீர் இல்லாது உலர்ந்த தவிட்டை மட்டும் வைப்பதும் இவ்வாறே அடைப்பை உண்டாக்கும்.

இதற்கு வீட்டிற் செய்யத்தக்கது பின்வருமாறு. ஒரு பகலும் ஓர் இரவும் தீன் கொடாது நிறுத்துக. சுத்தமான நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். தேங்காயெண்ணெயை இளஞ்சூடாக்கி ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 5 மில்லிலீற்றர், துளித்துளியாகக் கொடுக்கலாம். நம் பகுதியின் குளிர்ந்த காலைவேளைகளில் தேங்காயெண்ணெய் போத்தலில் உறைந்து நிற்கும். கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை செல்சியசாதலால் உள்ளே சென்றபின் உறையாது. கொடுக்கும் முறையிற் கவனம் வேண்டும். கோழியின் நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாயின் வாய் திறந்துள்ளது. அலகை அகலத் திறந்து எண்ணெயை ஊற்றினால் அது நுரையீரலுக்குட் சென்று, நோயினால் இறவாத கோழி வைத்தியத்தினால் இறக்கும். அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்து, அது விழுங்கியபின் அடுத்த துளியை வைக்க. அதன்பின் பையை விரல்களால் வட்டமாக மெல்லப் பிசைந்து, உட்கட்டியைத் தளர்த்துக. நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். தொண்டையை நோக்கி மேலே தள்ளுதல் கூடாது.

இரண்டாம் நாட் காலையில் பை சிறிதேனும் இறங்கியிருந்தால் இம்முறையைத் தொடர்க. இறங்காவிடின் கோழியைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். சில ஊர்களில், சவர அலகினாற் பையைக் கீறித் தும்பை எடுத்துத் தையல் நூலால் தைத்துவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு தைத்த கோழி பிழைத்ததும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பையின் சுவர் வேறு, மேற்றோல் வேறு. இரண்டையும் தனித்தனியே தைத்தல் வேண்டும். ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாற் பை கசிந்து புண் அழுகும். வலியறியாதிருக்க மருந்திட்டு, சுத்தமான கருவிகொண்டு வைத்தியர் செய்யும்போது அது சிறிய சத்திரசிகிச்சையே. செலவுக்கு அஞ்சி வீட்டிற் கீறுவது கோழிக்குச் செய்யும் கொடுமையாகும்.

நீர் நிறைந்து புளித்த பை

மற்றவகையில் பை நீர் நிரப்பிய தோற்பை போலத் தளதளத்திருக்கும். அலகருகே முகர்ந்தால் புளித்த மாவின் நாற்றம் வீசும். உள்ளே தங்கிய தீன் புளித்து, கண்டிடா எனும் ஒருவகை மதுவம் பெருகுவதே இதன் காரணம். பூஞ்சணம் பிடித்த தீன், அழுக்கு நீர், முன்பு கூறிய அடைப்பு, வைத்தியர் சொல்லாது நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைப் பலநாட் கொடுத்தல் ஆகியவை இதற்கு இடந்தரும்.

கோழியைத் தலைகீழாகப் பிடித்து நீரை வெளியேற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. இதனைக் கைவிடுமாறு வற்புறுத்திக் கூறுகின்றோம். வெளிவரும் புளிநீர் மூச்சுக்குழாயில் இறங்கி அவ்விடத்திலேயே கோழி மடிந்துவிடக்கூடும். போர்டோக் கலவைக்கென வைத்திருக்கும் துருசைக் கண்ணளவாகக் குடிநீரிற் கரைத்து வைப்போரும் உளர். துருசு மதுவத்தை அடக்குமாயினும் அளவு சற்றே மிஞ்சினும் நஞ்சாகும். வைத்தியர் அளந்து சொன்னாலன்றி அதனைத் தொடவேண்டாம். தீனை ஒருநாள் நிறுத்தி, நீரை நாளுக்கு இருமுறை மாற்றி, கோழியை உலர்ந்த இடத்தில் வைத்து, மதுவத்துக்குரிய மருந்தை வைத்தியரிடம் பெறுக.

இங்கு முக்கியமானது யாதெனில், நீர் நிறைந்த தீனிப்பை தொற்றுநோயிலும் தோன்றும் என்பதே. இரணிகெற் நோயுற்ற கோழியைத் தூக்கும்போது அலகிலிருந்து புளிநீர் வழிவது உண்டு. ஆகவே பையை மட்டும் பார்த்து முடிவு செய்யாது, கடதாசியிலுள்ள எச்சத்தையும் பார்த்தல் வேண்டும்.

எச்சம் கூறுவது

நலமுள்ள கோழியின் எச்சம் கபிலம் அல்லது பச்சை கலந்த நிறத்தில் ஓரளவு கட்டியாக, மேலே வெண்மை படிந்ததாக இருக்கும். அவ்வெண்மை கோழியின் சிறுநீர்க் கழிவு, நோயன்று. நாளில் சிலமுறை பாகு போன்று ஒட்டிக்கொள்ளும், கடுநாற்றமுள்ள கபில எச்சம் விழுவதும் இயல்பே. அடைகாக்கும் பேடு எழுந்துவந்து பெரிய, நாற்றமுள்ள எச்சமிடுவதைக் கண்டு மருந்து தேடுவோர் உளர். அதற்கு மருந்து வேண்டியதில்லை.

எச்சத்தில் இரத்தம் கலந்திருப்பின் இரத்தக் கழிச்சல் என்று ஐயுறுக. மூன்று வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் இடைப்பட்ட குஞ்சுகளையே இது பெரிதும் தாக்கும். எச்சத்தோடு வெளியேறும் நுண்ணிய கிருமிமுட்டைகள், ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் தன்மையை அடைகின்றன. வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் நாவலப்பிட்டியில் இந்நோய்க்கு இதைவிட வாய்ப்பான இடம் வேண்டுமோ? அம்புரோலியம் போன்ற மருந்துகள் பயன்தருவனவே. ஆயினும் நனைந்த உமியை அள்ளி எறியாது மருந்தை மட்டும் கொடுத்தால், குணமாகுமுன்னரே மறுபடி தொற்றும். மழைக்காலத்திற் கூளத்தைக் கிளறி, நனைந்த பகுதியை அன்றன்றே நீக்கி, நீர்ச் சட்டியைச் செங்கல்லின்மேல் உயர்த்தி வைத்தாற் பாதி நோய் குறையும்.

எச்சத்தில் வெள்ளைப் புழுக்கள் தோன்றினாலும், தீன் நன்றாக எடுத்தும் கோழி மெலிந்தாலும் வயிற்றுப் புழுவாக இருக்கலாம். உருண்டைப்புழு விரல் நீளத்துக்கும் வளரும். மிகப் பெருகினாற் குடலையே அடைத்துவிடும். புழுமருந்தைக் கோழியின் நிறைக்கேற்ப வைத்தியரிடம் கேட்டுக் கொடுத்து, அவர் சொல்லும் நாட்கள் வரை முட்டையை உண்ணாது விடுக.

பச்சை நிறமான நீர்க்கழிச்சலே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. பட்டினி கிடக்கும் கோழிக்கும் எச்சம் பச்சையாகும் என்பது உண்மை. ஆனால் பச்சைக் கழிச்சலோடு வாயைத் திறந்து மூச்சிழுத்தல், கழுத்து முறுகுதல், கால் அல்லது சிறகு இழுபடுதல், திடீரென முட்டை நின்றுபோதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் சேர்ந்திருந்தாலோ, இரண்டாவது கோழியும் சோர்ந்தாலோ, எண்ணெயும் பிசைதலும் கொண்டு பொழுதுபோக்காதீர்.

இரணிகெற் நோய்

1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் சாவகத் தீவிலும் கோழிகளைக் கொன்ற ஒரு புதிய நோய் அறியப்பட்டது. மறு ஆண்டு இந்தியாவின் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இரணிகெற் என்னும் ஊரில் அதே நோய் காணப்பட்டமையால் நம் நாடுகளில் அவ்வூர்ப் பெயரே வழக்காயிற்று. இது வைரசினால் உண்டாவது. வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் ஒன்றும் மிஞ்சாதிருத்தல் கூடும். நோயுற்ற கோழியின் எச்சம், சளி, அவை பட்ட செருப்பு, கூடை, சாக்கு என்பவற்றால் வீட்டுக்கு வீடு செல்லும். நோய்க் கோழியைக் கையாளும் மனிதருக்கும் சிலவேளை கண் சிவந்து வீங்கும். ஆதலால் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாது கண்ணைத் தொடற்க.

இத்தகைய ஐயம் தோன்றியதும் கோழிகளை விற்பதும், உறவினருக்குக் கொடுப்பதும், இறந்ததை மாவலி ஆற்றிலோ ஓடையிலோ எறிவதும் அயலாருக்குச் செய்யும் தீங்காகும். நட்டத்தைக் குறைக்க எண்ணி மிஞ்சியவற்றை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டு செல்வோரின் மனநிலை நமக்கு விளங்குகின்றது. எனினும் ஒரு வீட்டு நட்டம் ஊர் நட்டமாவது இவ்வழியினாலேயே. உடனே பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க. இறந்த கோழியை அறுக்காது, முழுமையாகப் பொலித்தீன் பையிலிட்டு, பனிக்கட்டியோடு கொண்டு சென்றால் நோயை உறுதிசெய்வதற்கு உதவும். வேண்டுமாயின் பேராதனைக்கு அடுத்த கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தின் உதவியை வைத்தியர் பெறுவார். ஏனைய உடல்களை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க.

காப்பது தடுப்பு மருந்து ஒன்றே. ஏற்கெனவே நோயுற்ற கோழிக்கு அதனாற் பயனில்லை. நலமாயிருக்கும்போதே கொடுத்தல் வேண்டும். ஒரு குப்பியில் நூறும் அதற்கு மேலுமான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். கரைத்தபின் சில மணி நேரத்துள் முடித்தல் வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியே கேட்கத் தயங்குவது இதனாலேயே. அயல்வீட்டார் பத்துப் பன்னிருவர் ஒரே நாளைக் குறித்துக் கேட்டால் இத்தடை நீங்கும். மருந்தைக் கொண்டுவரும்போது வெயில் படாது பனிக்கட்டியிட்ட பாத்திரத்தில் வைத்தல் அவசியம்.

கெட்ட தீனும் நஞ்சும்

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கிலிருந்த நஞ்சே காரணமென ஆராய்ந்து கண்டனர். அந்நஞ்சு இன்று அப்ளாடொட்சின் எனப்படுகின்றது. நம் வீடுகளில் நனைந்த சுவரோடு சாத்திய தேங்காய்ப் புண்ணாக்குச் சாக்கிலும், மழையிற் சிக்கிய சோளத்திலும் அதே பூஞ்சணம் வளரும். வெயிலிற் காயவைத்தால் பூஞ்சணம் மறையும், நஞ்சு மறையாது. அதனை எறிந்துவிடுவதே இலாபம். கருவாட்டுக் கழிவையும் ஊறுகாய் மிச்சத்தையும் கோழிக்கு வைத்தல் ஆகாது. உப்பு மிகினும் கழிச்சலும் சாவும் உண்டாகும்.

விதைப்புக் காலத்தில் மருந்து பூசிய விதை நெல், எலிக்கு வைத்த நஞ்சு, மரக்கறிப் பாத்திக்கு இட்ட பூச்சிநாசினி ஆகியவற்றைத் தின்ற கோழி, பை நிறைந்தபடியே திடீரென விழும். அத்தகைய கோழியை அறுத்து உண்பது பேராபத்து. குடலை எறிந்துவிட்டால் இறைச்சி நன்று என்பார் கூற்றை நம்பாதீர். நாய்க்கும் போடாது புதைக்க.

தனித்த கோழியின் பராமரிப்பு

கோளாறு ஒரு கோழியுடையதே என்று கண்டபின், மழைச் சாரலும் காற்றும் படாத இடத்தில், உலர்ந்த சாக்கு விரித்த பெட்டியில் அதனை வைக்க. நோயுற்ற கோழி சூட்டை விரைவில் இழக்கும். இரவில் வெந்நீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி அருகே வைக்கலாம். கழிச்சலினால் நீரிழந்த கோழிக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அன்றன்று வைக்க. புளித்த பையுள்ள கோழிக்குச் சீனி வேண்டாம். பை இறங்கியபின் குழைந்த சோறு, மசித்த அவித்த முட்டை, நனைத்த கோழித்தீன் என்பவற்றை நாளுக்கு நாலைந்து முறை சிறிது சிறிதாகக் கொடுத்து, மூன்று நான்கு நாட்களின் பின்னரே முழு நெல்லுக்கு மாறுக. உள்ளியும் மஞ்சளும் சிறிதளவு சேர்ப்பதாற் கெடுதியில்லை. அவற்றை நம்பி வைத்தியரைத் தள்ளிப்போடுவதே கெடுதி. மனிதருக்கு வாங்கிய குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது எவ்வாற்றானும் கூடாது.

நலமான கோழிகளுக்கு முதலில் தீன் வைத்து, நோயுற்றதை இறுதியாகக் கவனித்து, கைகால் கழுவுக. பிள்ளைகள் கோழியை மடியில் வைத்து முத்தமிடுதல் நோய்க்காலத்திலேனும் நிறுத்தப்படல் வேண்டும்; கோழி எச்சத்திலுள்ள சல்மொனெல்லாக் கிருமி பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்கும். நடந்து, தீன் எடுத்து, காலையில் பை தட்டையாக இருப்பதை ஒரு வாரம் தொடர்ந்து கண்டபின்னரே கோழியைக் கூட்டத்திற் சேர்க்க. சத்திரசிகிச்சைக்கும் மருந்துக்கும் இணங்காது, எலும்புந் தோலுமாகி நீர் பருகவும் இயலாத கோழியை நாட்கணக்கிற் கிடக்கவிடுவது இரக்கமன்று. நோவின்றி முடிக்கும் வழியை வைத்தியரிடம் கேட்க.

மரக்கறிச் செய்கையாளர் பலர் பாத்திக்கிட வெளியிடங்களிலுள்ள பெரும் பண்ணைகளிலிருந்து கோழிப்பசளையை மூடைகளாக வருவிக்கின்றனர். அம்மூடைகளைக் கோழிக்கூட்டருகே அடுக்குவதும், வெறுஞ்சாக்கைக் கூட்டுக்குள் விரிப்பதும் எங்கோ இருந்த நோயை வாசலுக்கு அழைப்பதாகும். மூடைகளைக் கோழிகள் அணுகாத இடத்தில் இறக்கி, பசளையை இலைகுழையோடு குவித்து மூடி, சூடேறி ஆறி நன்கு மக்கும்வரை விடுக. சொந்தக் கூட்டின் நோய்க்கால எச்சத்தையும் அவ்வாறே செய்க. இலைக்கோவாவுக்கும் கரட்டுக்கும் பச்சையாக இடவேண்டாம். பசளை இட்ட நாளில் அணிந்த செருப்போடு கோழிக்கூட்டுக்குள் நுழையாதிருக்க, கூட்டு வாசலில் வேறொரு சோடிச் செருப்பு வைத்துக்கொள்வது போதுமானது.